ஏரியில் நடுவர் இல்லை

சிங்கள மொழியில் எங்கள் சமூகத்துக்கு ஒரு பழைய பெயர் உண்டு: 'மரக்கல'. தமிழின் 'மரக்கலம்' என்ற சொல்லோடு அதனைத் தொடர்புபடுத்திச் சொல்வார்கள். பாய்விரித்த கலங்களில் வந்திறங்கிய வணிகர்களின் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது. பருவக்காற்றைக் குறிக்கும் 'மொன்சூன்' என்ற ஆங்கிலச் சொல்லும், பருவம் எனப் பொருள்படும் 'மவ்சிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். காற்றை நம்பிக் கடல் கடந்தவர்களின் சொல் உலக அகராதிகளில் ஏறிவிட்டது. எங்கள் வீட்டிலோ, கப்பலை விடுங்கள், ஒரு சின்னத் தோணியில் கால் வைத்தவர்கூட இருக்கவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. உம்மும்மாவின் சொந்த ஊர் அம்பாந்தோட்டை. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஊரின் சந்தை நாள். கடல் ஊருக்குள் புகுந்தபோது சந்தைக்குப் போயிருந்த உம்மும்மாவின் தங்கை வீடு திரும்பவில்லை. நான் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆனாலும் அந்த நாளின் நிழலில்தான் நான் வளர்ந்தேன். எங்கள் வீடு பாணந்துறையில், கடலுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது. பெருநாள் பின்னேரங்களில் ஊரே கடற்கரைக்குப் போகும். நாங்கள் மட்டும் உறவினர் வீடுகளுக்குப் போவோம். "தண்ணியோட விளையாட்டு வேணாம் புள்ள" என்பது உம்மும்மாவின் வாயில் ஸலாத்துக்கு அடுத்தபடியாக வரும் வசனம்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பெண்பிள்ளை பாய்ப்படகு ஓட்டப் போனது எப்படி என்று என் வகுப்புத் தோழியர் பலர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கும், அவர்களுடைய உம்மா வாப்பாமாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதல் அடியை எடுத்து வைத்தது நான் அல்ல, உம்மாதான். "தண்ணிக்குப் பயந்த ஊட்டுப் புள்ளதான் கட்டாயம் நீந்தப் பழகோணும்" என்று ஒருநாள் அவர் முடிவெடுத்தார். பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கியிருந்த ஒரு நீச்சல் தடாகத்துக்கு என்னையும் தங்கையையும் விடுமுறையில் கூட்டிக்கொண்டு போனார். முதல் வாரம் தடாகத்தின் கம்பியை விட்டுக் கை எடுக்கவில்லை. இரண்டாவது மாதத்தில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சுவிடவும், மல்லாந்து மிதக்கவும் முடிந்தது. மிதக்கத் தெரிந்துகொண்ட பிறகு தண்ணீர் என்பது எனக்கு ஆளை இழுக்கும் ஒன்றாக மட்டும் இல்லாமல், ஆளைத் தாங்கும் ஒன்றாகவும் ஆயிற்று.

அடுத்து வந்தது நானாவின் செய்தி. அவர் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். பல்கலைக்கழகம் பொல்கொட ஏரிக்கரையில் இருக்கிறது. வார இறுதியில் ஏரியில் வெள்ளைப் பாய்கள் போவதைக் கண்டு விசாரித்திருக்கிறார். ஏரிக்கரைச் சங்கம் ஒன்றில் பாடசாலை மாணவருக்கான ஆரம்பப் பயிற்சி நடப்பதாகவும், படகு, பாய், உயிர்காப்பு அங்கி எல்லாம் அங்கேயே தருவதாகவும், பெண்பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநர் ஒருவர் இருப்பதாகவும் சொன்னார். சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு நான் விண்ணப்பப் படிவத்தை வாப்பாவின் மேசையில் வைத்தேன்.

அந்தப் படிவம் ஒரு கிழமை அங்கேயே கிடந்தது. வீட்டில் பேச்சு நடந்தது. "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்குப் படகு?" என்றார் சாச்சா. வெயிலில் கறுத்துவிடுவேன் என்றார் மாமி. உடுப்பு எப்படி, லுஹர் தொழுகை எப்படி, போகவர யார் என்று உம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். உம்மும்மா எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. கடைசியில் வாப்பா ஒரு சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். இரண்டு மணித்தியாலம் ஒரு மரத்தடியில் நின்று பார்த்தார். பயிற்சிப் படகுகளுக்குப் பின்னாலேயே இயந்திரம் பூட்டிய பாதுகாப்புப் படகொன்று சுற்றிக்கொண்டிருந்ததையும், அங்கி அணியாத எவரையும் இறங்குதுறையில் கால்வைக்கவே விடாததையும் கண்டார். திரும்பி வரும் வழியில், "உங்களை நம்பித்தான் மகள் கையெழுத்து வைக்கிற" என்றார். அந்த ஒரு வசனத்தின் பாரம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

பொல்கொட, கொழும்பு மாவட்டத்துக்கும் களுத்துறை மாவட்டத்துக்கும் நடுவே வடக்கு, தெற்கு என இரண்டு பரப்புகளாகக் கிடக்கும் ஏரி. அவ்விரண்டையும் இணைக்கும் நீர் பாணந்துறையில் கடலோடு கலக்கிறது. கரையோரங்களில் கண்டல் மரங்கள். கொக்குகளும் நீர்க்காகங்களும் நிறைய. கபரகொய்யா நீந்திப் போவதை முதலில் கண்ட அன்று நானே அலறிவிட்டேன். கடலுக்கு அண்மையில் இருப்பதால் பிற்பகலில் மேற்கிலிருந்து கடற்காற்று ஏரிக்கு வந்து சேரும். பேரலை இல்லை, ஆனால் காற்று உண்டு. புதிதாகப் பழகுபவர்களுக்கு இதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை.

முதல் நாள் தண்ணீரில் இறங்கவே இல்லை. சொற்களைத்தான் படித்தோம். படகின் முன்பக்கத்தை நமது கரையோரத்தார் அணியம் என்பார்கள். பாயைத் தாங்கி நிற்பது பாய்மரம். பெரிய பாயின் அடியில் படுக்கையாக நிற்கும் தடிக்குப் 'பூம்' என்று பெயர். தலை குனியாதவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் சீக்கிரமே விளங்கிவிடும். பின்னால் சுக்கான். நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் ஒரு பலகை. பாயை இழுக்கும் கயிற்றை 'ஷீட்' என்பார்கள். ஷீட் என்றால் விரிப்பு, ஆகவே அது பாயாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வருபவர்களே அதிகம் என்று பயிற்றுவித்த சேர் சொன்னார். கடற்படையிலிருந்து ஓய்வுபெற்றவர் அவர். சிங்களத்தில் பேசுவார், விளங்காத இடத்தில் மணலில் கோடு கீறிக் காட்டுவார். எட்டு வடிவ முடிச்சையும், இழுத்தாலும் இறுகாத வளைய முடிச்சையும் கண்ணை மூடிக்கொண்டு போடும்வரை எங்களை விடவில்லை.

அங்கிருந்த படகுகளில் மூன்று வகை இருந்தன. மிகச் சிறியது ஒப்டிமிஸ்ட். பெட்டி போன்ற அந்தப் படகை 1947 இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்களுக்காக வடிவமைத்தார். உலகமெங்கும் 15 வயது வரையான பிள்ளைகள் அதிலேதான் பழகுகிறார்கள். இரண்டாவது ஜீபி 14. நீளம் 14 அடி, இருவர் ஓட்டுவது, பாயில் மணிச் சின்னம் இருக்கும். இங்கிலாந்தின் ஜக் ஹோல்ட் வடிவமைத்த இந்த வகை நம் நாட்டுச் சங்கங்களில் நெடுங்காலமாகப் பாவனையில் உள்ளது. மூன்றாவது, ஒருவர் மட்டும் ஓட்டும் லேசர். பெண்களுக்கான ஒலிம்பிக் போட்டியில் அதன் சற்றுச் சிறிய பாய் கொண்ட வடிவம் 2008 முதல் இடம்பெற்று வருகிறது. எனக்குக் கிடைத்தது ஜீபி 14. என்னைவிட மூன்று வயது மூத்த மொறட்டுவை அக்கா ஒருவர் சுக்கான் பிடித்தார். முன்பாயும் அதன் கயிறும் என் பொறுப்பு.

உடுப்பைப் பற்றித் தோழியர் அதிகம் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஏரியில் வெயில் மேலிருந்தும் அடிக்கும், தண்ணீரில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். அதனால் அங்கே ஆணும் பெண்ணும் முழுக்கை மேற்சட்டை, நீண்ட காற்சட்டை, தொப்பி, கையுறை, சப்பாத்து என்று மூடிக்கொண்டுதான் வருகிறார்கள். என் உடுப்பு எவருடைய கண்ணிலும் உறுத்தவில்லை. நீச்சலுக்கென்று விற்கும் இறுக்கமான தலையணியைப் போட்டு, அதன் நுனியை உயிர்காப்பு அங்கிக்குள் செருகிக்கொள்வேன். ஊசி குத்துவதில்லை, ஊசி ஆளையும் குத்தும், பாயையும் கிழிக்கும். தொளதொளவென்ற பருத்தித் துணியும் கூடாது. நனைந்தால் பாரமாகிக் கையையும் காலையும் கட்டிப்போடும். தொழுகைக்கு இறங்குதுறைக்குப் பின்னாலிருந்த அறையை ஒதுக்கித் தந்தார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எந்நேரமும் பார்த்துப் பழகியதால் கிப்லாவை எவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் நாள்தான் பாய் ஏற்றினோம். "பிஸ்மில்லாஹ்" சொல்லிக்கொண்டு ஏறினேன். காற்று பாயில் நிறைந்ததும் படகு ஒரு பக்கம் சரிந்தது. சரிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்க விளிம்பில் இருவரும் ஏறி உட்கார்ந்து உடம்பைப் பின்னால் சாய்த்தோம். படகு நிமிர்ந்து ஓடத் தொடங்கியது. இயந்திரச் சத்தம் இல்லை, புகை இல்லை. அணியத்தின் கீழே தண்ணீர் பிரியும் ஓசை மட்டும். என் தலைமுறைக்கு முன் எங்கள் வீட்டார் மறந்துவிட்ட ஓர் ஓசை அது என்று எனக்குத் தோன்றியது.

காற்று அடிக்கும் பக்கம்தானே படகு போக வேண்டும், காற்றை எதிர்த்து எப்படிப் போகிறது என்பது எல்லோருக்கும் வரும் கேள்வி. வளைந்த பாயின் இரு பக்கமும் காற்று ஓடும்போது, பாய் ஒரு பக்கமாக இழுக்கப்படுகிறது. அந்த இழுவை படகை முன்னாலும் தள்ளும், பக்கவாட்டிலும் தள்ளும். தண்ணீருக்குள் இறக்கிய நடுப்பலகை பக்கவாட்டுத் தள்ளலைத் தடுத்துவிடும். மிஞ்சுவது முன்னோக்கிய ஓட்டம். ஈரமான வத்தகப்பழ விதையை இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்திப் பாருங்கள்; அழுத்துவது பக்கத்திலிருந்து, விதை பாய்வதோ முன்னால். படகும் அப்படித்தான். ஆனால் காற்றின் முகத்துக்கு நேராக எந்தப் பாய்ப்படகும் போகாது. இரு பக்கமும் ஏறத்தாழ 45 பாகை விலகி, வலமும் இடமுமாக மாறி மாறித்தான் போக வேண்டும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பாய் தலைக்கு மேலால் மறுபக்கம் போகும்; நாமும் குனிந்து மறுபக்கம் போக வேண்டும். நீர்கொழும்பில் மீனவர் பாய்விரித்து ஓட்டும் 'ஒருவ' என்னும் தோணியோ திரும்புவதே இல்லை. பக்கத்தில் கட்டிய மிதவைக் கட்டை எப்போதும் காற்றுப் பக்கம் இருக்க வேண்டும் என்பதால், பாயை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாற்றிக்கொள்வார்கள். பின்பக்கம் முன்பக்கமாகிவிடும். ஒரே காற்றுக்கு இரண்டு ஊராரின் இரண்டு விடைகள்!

மூன்றாம் வாரம் படகைக் கவிழ்க்கப் பழக்கினார்கள். ஆம், வேண்டுமென்றேதான் கவிழ்த்தோம். கவிழ்ந்த படகை நிமிர்த்தத் தெரியாதவர் ஏரியின் நடுவுக்குப் போக முடியாது. இருவரில் ஒருவர் படகின் உட்பக்கத்தோடு ஒட்டி மிதந்துகொண்டு முன்பாய்க் கயிற்றை மறுபக்கம் எறிய வேண்டும். மற்றவர் பின்னால் நீந்திச் சுற்றிப் போய், நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையின் மேல் ஏறி நின்று, கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய வேண்டும். பாய்மரம் மெதுவாகத் தண்ணீரிலிருந்து எழும்பும். படகு நிமிரும்போது உள்ளே மிதப்பவரையும் அள்ளிக்கொண்டே நிமிரும். படகு சாய்ந்த கணத்தில் என் காதுக்குள் தண்ணீரின் இரைச்சலோடு உம்மும்மாவின் குரலும் கேட்டது. கையில் கயிறு இருந்தது. அங்கி என்னைத் தூக்கிப் பிடித்திருந்தது. மூன்று முறை மூச்சை எண்ணினேன். பிறகு வானம் தெரிந்தது. "எது நடந்தாலும் படகை விட்டு நீந்திப் போகாதே, படகு மிதக்கும், மிதக்கும் படகு தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும்" என்பதே அன்றைய பாடம். இடி முழக்கம் கேட்டால் ஒருவர் மிஞ்சாமல் கரைக்கு வர வேண்டும் என்பது இன்னொன்று. சித்திரை மாதத்துப் பிற்பகல்களில் அந்தப் பாடத்துக்கு நிறைய வேலை இருந்தது.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் உம்மாவிடம் சொல்லும்போது உம்மும்மா பக்கத்து அறையில் தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருப்பார். கேட்காததுபோல் இருப்பார். ஆனால் அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் நான் புறப்படும்போது முற்றத்தில் நின்று தென்னோலையைப் பார்த்தார். "இண்டைக்குக் காத்துப் பலம் போல" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. என் தலையில் கைவைத்து ஓதி ஊதினார்.

இனிப் போட்டியைப் பற்றி. பந்தயம் ஓடாமலே பாய்ப்படகை ரசிக்கலாம்; பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் மற்றப் படகுகளோடு ஓடும்போதுதான் நமக்கு என்ன தெரியாது என்பது தெரியவரும். ஒரே ஏரி, ஒரே காற்று, ஒரே வகைப் படகு. இருந்தும் முன்னால் போகிறவர் எதையோ கண்டிருக்கிறார். தண்ணீரின் மேல் கருமையான சுருக்கங்கள் ஓடி வந்தால் பலமான காற்று வருகிறது என்று அர்த்தம். பாயில் ஒட்டிய கம்பளி நூல்கள் இரண்டு பக்கமும் நேராகப் பறந்தால் பாய் சரியாக நிற்கிறது என்று அர்த்தம். கரையில் எரியும் குப்பையின் புகைகூடச் செய்தி சொல்லும்.

ஓட்டப்பந்தயம்போல் படகுகளை ஒரு கோட்டில் நிறுத்தி வைக்க முடியாது. காற்று நிற்க விடாது. அதனால் நேரத்தை வைத்துத் தொடங்குகிறார்கள். நடுவர் படகுக்கும் ஒரு மிதவைக்கும் இடையிலான கோடுதான் தொடக்கக் கோடு. 5 நிமிடம் இருக்கும்போது ஒரு கொடியும் ஒலியும். 4 நிமிடத்தில் இன்னொரு கொடி. ஒரு நிமிடம் இருக்கும்போது அந்தக் கொடி இறங்கும். பூச்சியத்தில் முதற்கொடியும் இறங்க, பந்தயம் தொடங்கும். அந்த 5 நிமிடமும் எல்லாப் படகுகளும் கோட்டுக்குப் பின்னால் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, அந்தக் கணத்தில் கோட்டை வேகத்தோடு தொடுவதற்குக் கணக்குப் பார்க்கும். முந்திவிட்டால் திரும்பி வந்து மீண்டும் தொடங்க வேண்டும். புள்ளி வழங்குவதும் நம் பரீட்சைக்கு நேர் எதிரானது. முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2 புள்ளி. கூட்டித் தொகை குறைந்தவரே வென்றவர்.

வழிவிடும் விதிகள் ஆரம்பத்தில் மூன்று போதும். இடப்பக்கமாகக் காற்றை வாங்கும் படகு, வலப்பக்கமாக வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே பக்கமாகக் காற்றை வாங்கினால், காற்று வரும் திசைக்குக் கிட்ட இருக்கும் படகு மற்றதற்கு வழிவிட வேண்டும். பின்னால் வருபவர் முன்னால் போகிறவரை மோதக் கூடாது. அளவிலும் வயதிலும் யார் பெரியவர் என்பது கணக்கில்லை. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் ஒருநாள் எங்களுக்கு வழிவிட்டுத் தன் படகைத் திருப்பிக்கொண்டு போனார். எங்களுக்கு வலப்பக்கக் காற்று, அவ்வளவுதான் காரணம்.

ஆனால் என்னைத் திகைக்க வைத்த விதி வேறு. ஏரியில் விசில் ஊதும் நடுவர் இல்லை. தொடக்கத்தையும் முடிவையும் பார்க்க ஆட்கள் இருப்பார்கள். நடுவழியில் பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள். விதியை மீறிய படகு தன்னைத்தானே தண்டித்துக்கொள்ள வேண்டும். வழிவிடத் தவறினால் மற்றப் படகுகளை விட்டு விலகிப் போய் இரண்டு முழு வட்டம். சுற்றி வர வேண்டிய மிதவையைப் படகு தொட்டுவிட்டால் ஒரு வட்டம். பிணக்கு இருந்தால் கரையில் விசாரணை உண்டு; ஆனால் முதல் நீதிபதி சுக்கான் பிடித்தவர்தான். பாய்ப்படகுப் பந்தயச் சட்டநூலின் முதல் விதியோ வெல்வதைப் பற்றியதே அல்ல. ஆபத்தில் இருப்பவர் யாராயினும் இயன்ற உதவியைச் செய்ய வேண்டும் என்பதுதான் அது.

அந்த விதிக்கு உயிர் கொடுத்த ஒருவரைப் பற்றி சேர் சொன்னார். 1988 சியோல் ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் போட்டிகள் பூசான் நகரக் கடலில் நடந்தன. கனடாவின் லோரன்ஸ் லெமியூ தன் பந்தயமொன்றில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் வேறொரு பந்தயத்தில் ஓடிய சிங்கப்பூர்ப் படகு கவிழ்ந்து, காற்றும் அலையும் பலமாக இருந்த கடலில் இருவர் தத்தளிப்பதைக் கண்டார். தன் பந்தயத்தை விட்டுவிட்டுப் போய் இருவரையும் காப்பாற்றினார். மீட்புப் படகு வரும்வரை காத்திருந்து, பிறகுதான் தன் பந்தயத்தைத் தொடர்ந்தார். பலர் அவரை முந்திவிட்டனர். விசாரித்த நடுவர்கள் அந்தப் பந்தயத்தில் அவர் விட்டுச் சென்ற இரண்டாம் இடத்தையே அவருக்கு வழங்கினார்கள். முடிவில் அவருக்குப் போட்டிப் பதக்கம் கிடைக்கவில்லை. சிறந்த விளையாட்டுப் பண்புக்கான பியர் டி குபேர்டின் பதக்கம் கிடைத்தது.

எங்கள் பயிற்சியின் கடைசிச் சனிக்கிழமை புதியவர்களுக்கான பந்தயம் நடந்தது. ஏழு படகுகள். கரையில் பெற்றோர். வாப்பா கடைக்கு ஆளை வைத்துவிட்டு வந்திருந்தார். மேற்குக் காற்று சீராக வந்தது. தொடக்கத்துக்கு நான் விநாடிகளை எண்ணிச் சொன்னேன். அக்கா நேரத்தோடு கோட்டைக் கடந்தார். முதற் சுற்றில் ஐந்தாவது, இரண்டாவது சுற்றில் நான்காவது. காற்றுப் பக்க மிதவையைக் கடைசியாகச் சுற்றும்போது எங்களுக்கு முன்னால் மூன்று படகுகள்தான். மிதவையை ஒட்டித் திரும்பினால் மூன்றாவதைப் பிடித்துவிடலாம் என்று தோன்றியது. திரும்பினோம். நான் முன்பாயைத் தளர்த்திய அதே நேரம் பூமின் நுனி மிதவையின் தலையை லேசாக உரசியது. சத்தம்கூட இல்லை. மிதவை ஒருமுறை தலையாட்டிவிட்டு நின்றது.

கரையிலிருந்து பார்த்தால் எங்கள் பாய் அதை மறைத்திருக்கும். பின்னால் வந்த படகு இன்னும் தூரத்தில். பாதுகாப்புப் படகு மறுகோடியில். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "வட்டம் போடுறோம், தயாராகு" என்றார். அவ்வளவுதான். கொஞ்சம் விலகிப் போனோம், சுக்கானைத் தள்ளினார், பாய் ஒருமுறை தலைக்கு மேலால் போயிற்று, மறுமுறை திரும்பி வந்தது. ஒரு முழு வட்டம். அதற்குள் இரண்டு படகுகள் எங்களைத் தாண்டிப் போய்விட்டன. ஆறாவதாகக் கோட்டைக் கடந்தோம். நடுவர் படகு எங்களுக்கும் ஒரு முறை ஒலியெழுப்பியது. அக்கா சிரித்துக்கொண்டே பாயைத் தளர்த்தினார். அந்த வட்டத்தைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேச வேண்டிய விஷயமாக அவருக்கு அது படவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் வாப்பா கேட்டார்: "நடுவுல என்னத்துக்கு மகள் ஒரு சுத்துச் சுத்தினீங்க? அதாலதானே ரெண்டு பேர் முந்தினாங்க?"

மிதவையில் பட்ட கதையைச் சொன்னேன்.

"யாரும் கண்டாங்களா?"

"இல்ல வாப்பா. யாரும் காணல்ல."

வாப்பா கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். எங்களுடையது அரிசியும் சரக்கும் நிறுத்து விற்கும் கடை. "அப்ப அது தராசு மாதிரி" என்றார். "நிறுக்கிற நேரம் வாங்க வந்தவர் அங்கால பார்த்துக்கொண்டு நிப்பார். முள்ளைப் பார்க்கிறது நாங்க மட்டும்தான்."

"உங்களை நம்பித்தான் கையெழுத்து வைக்கிற" என்று அவர் முன்பு சொன்னது அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. பெண்பிள்ளைகளைக் கண்காணிக்க எத்தனையோ கண்கள் உண்டு. அந்தக் கண்களுக்குப் பயந்து நேராக நடப்பது ஒரு வகை. ஒருவரும் இல்லாத நடு ஏரியில், தோற்பது தெரிந்தும், தானாகச் சுக்கானைத் தள்ளுவது வேறு வகை. முதலாவதைக் கற்றுத்தரப் பல இடங்கள் இருக்கின்றன. இரண்டாவதைக் கற்றுக்கொள்ள ஒரு பிள்ளைக்கு, அவளை நம்பி விட்ட ஓர் இடம் வேண்டும். அமானிதம் என்று நாம் சொல்வது பொருளை ஒப்படைப்பதை மட்டும் அல்ல என்று நினைக்கிறேன்.

ஆர்வமுள்ள தங்கைமாருக்குச் சில வார்த்தைகள். முதலில் நீச்சல் பழகுங்கள். வேகம் தேவையில்லை, உடுப்போடு மிதக்கத் தெரிந்தால் போதும். சொந்தப் படகு வாங்கும் எண்ணமே வேண்டாம். சங்கத்துப் படகில் இருவர் ஓட்டுவதில் தொடங்குங்கள், பழகியவரோடு முன்பாய்க்கு உட்காருங்கள். முதல் ஐந்து பந்தயங்களில் ஒரே ஒரு இலக்கு வையுங்கள்: தொடங்கிய பந்தயத்தை முடிப்பது. தோற்ற பின் முந்தியவரிடம் போய், எந்தப் பக்கம் போனீர்கள், ஏன் போனீர்கள் என்று கேளுங்கள். நான் கேட்டவர்களில் எவரும் மறைத்ததில்லை. தண்ணீர்ப் போத்தலையும் வெயிலுக்குப் பூசும் களிம்பையும் மறக்க வேண்டாம். பெற்றோருக்கு ஒரேயொரு வேண்டுகோள்: என் வாப்பாவைப்போல ஒருநாள் போய் மரத்தடியில் நின்று பாருங்கள். பாதுகாப்புப் படகு இருக்கிறதா, அங்கி கட்டாயமா, பெண் பயிற்றுநர் உண்டா, இடி கேட்டால் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். திருப்தி இல்லாவிட்டால் அனுப்பாதீர்கள். திருப்தி வந்தால், நம்பி அனுப்புங்கள்.

உம்மும்மா இன்றுவரை ஏரிக்கரைக்கு வரவில்லை. வரும்படி நானும் கேட்கவில்லை. அவருடைய துக்கத்துக்கு அவருக்கு உரிமை இருக்கிறது. உயர்தர வகுப்புத் தொடங்கிவிட்டதால் இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் போகிறேன். கச்சான் காலம் முடிந்து வாடை தொடங்கும்போது, இன்ஷா அல்லாஹ், சுக்கான் பிடிக்கப் பழகப் போகிறேன். முன்பாய்க் கயிற்றைப் பிடிக்க ஓர் ஆள் தேவை. தங்கை பெயர் கொடுத்துவிட்டாள். படிவம் வாப்பாவின் மேசையில் இருக்கிறது.